யார் கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

அரசு வேலையில் இருக்கும் நண்பர் விபத்தில் ஒரு காலை இழந்தார். "எதுக்கு சார் கஷ்டம்? விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துடுங்க" என்று அலுவலகத்தில் கரிசனமாகச் சொன்னார்களாம். கரிசனம் அல்ல, சட்டமீறலுக்கான குறுக்குவழி அது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4) தெளிவாகச் சொல்கிறது: பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவியிறக்கம் செய்யவும் கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு பணி. அதுவும் இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை உபரிப் பணியிடம். இதற்கு முந்தைய 1995 சட்டத்திலேயே இருந்த பாதுகாப்புதான். காலை இழந்த காவலர் ஒருவரின் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

இதை மீறி அனுப்பப் பார்த்தால், முதலில் அலுவலகத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பதிவான 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையா, மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழு. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரையும் அணுகலாம், ஆனால் அவர் தருவது பரிந்துரை. கட்டாயப்படுத்தும் உத்தரவு வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

தனியார் ஊழியருக்கு 20(4) கிடையாது. இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை அது.

அரசு நிறுவனம் உங்களை அனுப்புவதைத்தான் சட்டம் தடுக்கிறது. நீங்களே "போகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் வழக்கு சிக்கலாகிவிடும். கையெழுத்துக்கு முன் வக்கீலைப் பாருங்கள்.