பின்சக்கரத்துப் பிடிவாதம்

பிரேக் பிடிக்காத வண்டி என்றால் எல்லோருக்கும் பயம். பிடித்த பிரேக்கை விடமாட்டேன் என்கிற வண்டியைப் பற்றி மட்டும் நாம் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. 'என்ன குடி முழுகிவிட்டது, நிற்கத்தானே செய்கிறது' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சமாதானம் ஆகாது. விடாத பிரேக் உரசும். உரசினால் டிரம் காயும். அந்தச் சூடு உள்ளே போய் பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கும். குழாய்க்குள் ஆவி சேர்ந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் அது அமுங்கிக் கொடுக்குமே தவிர சக்கரத்தைப் பிடிக்காது. அதுவும் இறக்கத்தில், பாரத்தோடு வரும்போதுதான் இது நேரும்.

என் அத்தானிடம் அப்படி ஒரு பழைய ஜீப் இருந்தது. வில்லிஸ் வம்சம், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். தடிக்காரன்கோணம் தாண்டி, கீரிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றிப் போகும். காலையில் திரும்பி இறங்கும்போது ரப்பர் ஷீட் கட்டுகளின் மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர் உட்கார்ந்து வருவார்கள். அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

வண்டியின் கோளாறு விசித்திரமானது. புறப்படும்போது ஒன்றும் இராது. பத்துத் தடவை பிரேக்கை மிதித்தபின், பின்சக்கரம் இரண்டும் இறுகி, லைனிங் தீயும் வாசனை வரும். அரைமணி நேரம் நிறுத்தி வைத்தால் தானாகவே விட்டுவிடும். அத்தான் வழக்கமாகப் போகும் பட்டறையில் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து இரண்டு தடவை கிட்டு மாற்றினார்கள். பலிக்கவில்லை. கடைசியில் பட்டறைக்காரர், "உள்ளே ஒரு வால்வு கிடக்குவே, அதுதான் சனியன். எடுத்து எறிஞ்சிருவோம், சரியாப் போகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அத்தானும் தலையாட்டிவிட்டார்.

அந்த வால்வின் பேரில் எனக்குக் கொஞ்சம் அபிமானம் உண்டு. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு மடை தெரியாமல் இராது. இதுவும் ஒரு மடைதான். மிதிக்கும்போது ஆயிலைத் தாராளமாக வெளியே அனுப்பும். காலை எடுத்ததும் திரும்பி வருவதையும் உள்ளே விடும். ஆனால் முழுக்க வடிய விடாது. சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தம் குழாயில் மிச்சம் நிற்கும்படி பார்த்துக்கொள்ளும். பிரேக் ஷூவைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங்குகளுக்கு இந்த 10 பவுண்டு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் சக்கரத்துச் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புகளின் உதடு சுவரோடு ஒட்டி நிற்க அது வேண்டும். இல்லாவிட்டால் உதடு தளர்ந்து காற்று புகும். ஒருநாள் மிதித்த பெடல் தரையைத் தொடும். பின்னாளில் வந்த வண்டிகளில் கப்பை விரித்துப் பிடிக்க வேறு ஏற்பாடு செய்து வால்வை நீக்கினார்கள். அத்தான் ஜீப்பில் அந்த ஏற்பாடு கிடையாது.

"இரண்டு நாள் பொறுங்கள், அத்தான்" என்று சொல்லி வேறொரு பட்டறைக்கு அழைத்துப் போனேன். அங்கே கோணம் ஐ.டி.ஐ.யில் படித்த ஒரு பையன். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான்:

"அண்ணாச்சி, முன்சக்கரம் ரெண்டும் ஓடுதா?"

"அது பம்பரமா ஓடுது, மக்கா."

"நாலுக்கும் சேர்த்து ஒரே வால்வுதானே? அது கெட்டா முன்னால மட்டும் எப்படி ஓடும்?"

அத்தான் என்னைப் பார்த்தார். பையன் முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தான். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பின்சக்கர டிரம்மில் இல்லை, புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அதை விடாமல் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் 'பிரேக் ஜாம்' என்று சொல்லுகிறவர்களும் உண்டு. பிறகு அத்தானை நாலைந்து தடவை மிதிக்கச் சொன்னான். சக்கரம் இறுகிவிட்டது. பின்சக்கரத்து நிப்பிளைச் சற்றே திறந்ததும் ஆயில் பீச்சியடித்தது. சக்கரம் கைக்குச் சுற்றியது. ஆகவே ஸ்பிரிங்கும் ஷூவும் நிரபராதிகள், அழுத்தம்தான் எங்கோ சிறைப்பட்டிருக்கிறது என்பது தெளிவாயிற்று.

நிப்பிளை மூடி, மறுபடி மிதிக்கச் சொன்னான். இந்தத் தடவை நிப்பிளைத் தொடவில்லை. சேஸிஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு ஒரே ஒரு ரப்பர் ஹோஸ் இறங்குகிறது. அதிலிருந்துதான் இரண்டு சக்கரத்துக்கும் குழாய் பிரியும். அந்த ஹோஸுக்கு மேலே, இரும்புக் குழாய் வந்து சேரும் நட்டைத் தளர்த்தினான். கோளாறு வால்வில் இருந்தால் இங்கே திறந்ததும் சக்கரம் விட்டுவிட வேண்டும். விடவில்லை. "ஹோஸ்தான், சார்" என்றான்.

கழற்றி நறுக்கிப் பார்த்தோம். வெளியே பளபளப்பு, உள்ளே சுவர் ஊதி, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மனிதன் மிதிக்கும்போது அழுத்தம் நூற்றுக்கணக்கான பவுண்டாக ஏறுகிறது, அது முட்டி மோதி உள்ளே போய்விடும். திரும்பி வரும்போது தள்ளுவதற்கு ஸ்பிரிங்கின் பலம்தான் உண்டு. ஆயில் கசிந்து கசிந்து அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஹோஸே ஒரு கள்ள வால்வாகிவிட்டது!

மண்ணெண்ணெயோ எஞ்சின் ஆயிலோ பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும். யாராவது பிரேக்கில் எஞ்சின் ஆயிலை ஊற்றியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். பையன் மாஸ்டர் சிலிண்டர் கப்பை எடுத்துக் காட்டினான், அது ஊதவில்லை. வயசுதான் காரணம், வேறில்லை. பிரேசிலிலிருந்து 1876-ல் ஹென்றி விக்காம் விதை கொண்டு போனதிலிருந்து உலகமெல்லாம் பரவிய மரம், எங்கள் மலையிலும் வரிசை வரிசையாக நிற்கிறது. அதன் பால் கட்டி கட்டியாக இறங்கும் வண்டியில் இருபது வருஷமாக ஒரு முழ ரப்பர் குழாயை யாரும் மாற்றவில்லை.

புது ஹோஸ் போட்டு, நாலு சக்கரத்திலும் காற்று எடுத்து, பிள்ளைகள் இல்லாமல் ஒரு தடவை கீரிப்பாறைக்கு ஏறி இறங்கினோம். அடிவாரத்தில் அத்தான் இறங்கிப் பின்சக்கர டிரம்முகளைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்புத்தான்.

நறுக்கிய துண்டை அவர் சட்டைப்பையில் போட்டு முதல் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளியே நல்லாத்தானேவே இருக்கு?" என்றாராம்.