நசுக்கிய பிறகு கேட்ட பெயர்

மன்னார்க்காரனின் கழுத்தில் அந்தக் கோடு வந்தது பரீட்சைக்கு முதல் கிழமை. இரவு ஏதோ ஊர்ந்ததாம், கையால் தேய்த்து விட்டானாம், அப்படியே படுத்தும் விட்டானாம். விடிய எழும்பும்போது ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த நாள்தான், சூட்டுக்கம்பியால் இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடும், அதன்மேல் சின்னச் சின்னக் கொப்புளங்களும்.

போர்டிங் அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "சிலந்தி மூத்திரம் பெய்ஞ்சிருக்குத் தம்பி, மஞ்சளைப் பூசும்" என்றார். மட்டக்களப்பான் போனில் தேடி, உலகத்தில் உள்ள அத்தனை தோல் வருத்தங்களையும் வாசித்துக் காட்டி அவனைப் பயப்படுத்தினான். கடைசியில் டொக்டர்தான் ஒருக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வயல் பக்கமோ இருக்கிறியள்? ராவிலை லைற் போட்டு வச்சுப் படிக்கிறனியளோ?" இரண்டுக்கும் ஓம். "அப்ப அந்தப் பூச்சிதான். இனி நசுக்காதேங்கோ, ஊதி விடுங்கோ. பட்டால் உடனே சோப் போட்டுக் கழுவுங்கோ."

அந்தப் பூச்சியை எங்கள் நாலு பேருக்கும் தெரியும். கறுப்புத் தலை, செம்மஞ்சள் கழுத்து, நடுவில் நீலமாய் மினுங்கும் ஒரு துண்டு, பிறகு செம்மஞ்சள் வயிறு, நுனி மறுபடியும் கறுப்பு. அவசரத்தில் பார்த்தால் எறும்பு என்றுதான் நினைப்பீர்கள். மாரி தொடங்கினால் லைற்றடிக்கு வரும். கடிக்காது, கொட்டாது. நசுங்கினால் மட்டும் உடம்புக்குள் இருக்கும் பேடெரின் என்ற நஞ்சு வெளியே வரும். அதைக்கூடப் பூச்சி தானாகச் செய்வதில்லை, அதனுள்ளே குடியிருக்கும் ஒரு பக்ரீரியா செய்து கொடுக்கிறது. வயலில் இது நெல்லைத் தாக்கும் தத்திகளைப் பிடித்துத் தின்னுமாம். லைற்றையும் போட்டு ஜன்னலையும் திறந்து வைத்தது நாங்கள்தானே, பிழை அதன்மேல் இல்லை.

பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ கேட்டது: இதுக்குத் தமிழில் என்ன பெயர்? மன்னார், மட்டக்களப்பு, ஹற்றன், யாழ்ப்பாணம் என்று நாலு இடத்தில் இருந்து வந்த நாலு பேர். ஒருவரிடமும் ஒரு சொல் இல்லை. "லைற்றுக்கு வாற பூச்சி" என்றார் அன்ரி. அந்தப் பெயரில் ஐம்பது பூச்சி இருக்கும்.

இப்படித்தான் பரீட்சை நேரத்தில் நாங்கள் வண்டுகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். கலைப்பீடத்துப் பிள்ளைகள் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பாடம் தவிர்ந்த எதையும் வாசிப்பார்கள் என்பது தெரிந்த விசயம்.

இது எறும்பே அல்ல, வண்டு. ஆங்கிலத்தில் ரோவ் பீட்டில் என்கிறார்கள், குடும்பத்தின் பெயர் ஸ்டஃபிலினிடே. மற்ற வண்டுகளுக்கு முதுகு முழுக்க மூடும் கெட்டியான முன் இறக்கை இருக்கும்; இந்தக் குடும்பத்துக்கு அது குட்டைச் சட்டை மாதிரி பாதியில் நிற்கிறது, வயிறு வெளியே தெரிகிறது. பறக்கிற இறக்கையோ நீளம். அதைப் பல மடிப்பாய் மடித்து அந்தக் குட்டைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கும். நாங்கள் நீலத் துண்டு என்று சொன்னது அந்தச் சட்டையைத்தான். இந்த ஒரு குடும்பத்தில் மட்டும் 60,000க்கும் மேற்பட்ட இனங்களுக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்காதவை இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன.

அப்படிப் பெயர் வாங்கிய ஒன்றின் கதைதான் எங்களைப் பிடித்துக்கொண்டது.

1832ஆம் ஆண்டு. பீகிள் கப்பல் ஆர்ஜென்டீனாவின் பாஹியா பிளாங்கா கரையில் நிற்கிறது. கப்பலில் வந்த சார்ல்ஸ் டார்வினுக்கு 23 வயது, எங்கட வயதுதான். மருத்துவம் படிக்கப் போய் இடையில் விட்டவர், பாதிரியாராகலாம் என்று கேம்பிரிட்ஜில் பட்டம் எடுத்தவர், இரண்டையும்விட வண்டு பிடிப்பதில் பைத்தியம். மாணவனாக இருந்தபோது மரப்பட்டையை உரித்து இரண்டு கையிலும் ஒவ்வொரு வண்டைப் பிடித்தாராம். மூன்றாவதாகப் புதுசாய் ஒன்று தெரிந்ததும், ஒரு கையில் இருந்ததை வாய்க்குள் போட்டுவிட்டார். அது ஏதோ காரமான சாற்றை விட்டு நாக்கைச் சுட்டதில் துப்பியதும் போச்சு, மூன்றாவதும் போச்சு. அவரே தன் சுயசரிதையில் எழுதிய கதை இது. மன்னார்க்காரன் இதைக் கேட்டதில் இருந்து டார்வினைத் தன் சொந்தக்காரன் மாதிரிக் கதைக்கிறான்.

பாஹியா பிளாங்காவுக்குப் பக்கத்தில் புன்டா அல்டாவில் அந்தக் கிழமைகளில் டார்வினுக்கு அழிந்துபோன பெரிய மிருகங்களின் எலும்புகள் கிடைத்தன. அவர் பெயரைப் பெரிதாக்கிய எலும்புகள் அவை. அதே கரையில் ஒரு ரோவ் வண்டையும் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். எலும்புகளை எல்லோரும் பார்த்தார்கள். வண்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்தப்பட்டபடி இருந்தது. காலப்போக்கில் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய், தொலைந்துவிட்டது என்றே எண்ணினார்கள்.

பிறகு அமெரிக்காவில், டெனசி மாநிலத்துச் சட்டனூகாவில் படிப்பிக்கும் ஸ்டிலியானோஸ் ஹட்சிமனோலிஸ் என்ற ஆய்வாளர், தன்னுடைய ஆராய்ச்சிக்காக, இன்னும் வகைப்படுத்தாமல் கிடக்கும் ரோவ் வண்டுகளை அந்த அருங்காட்சியகத்திடம் இரவல் கேட்டார். வந்தவற்றில் ஒன்று டார்வினுடையது. தலையும் நெஞ்சும் பச்சை நீலமாய் மினுங்க, உணர்கொம்பு வாள் பல்லு மாதிரி இருந்தது. புது இனம் மட்டுமல்ல, அதற்கென்றே ஒரு புதுச் சாதியும் தேவைப்பட்டது. டார்வினின் 205ஆவது பிறந்தநாளான 2014 பெப்ரவரி 12இல் ஸூகீஸ் என்ற சஞ்சிகையில் கட்டுரை வந்தது. பெயர்: டார்வினிலஸ் செடாரிசி. முன்பாதி டார்வினுக்கு. பின்பாதி டேவிட் செடாரிஸ் என்ற நகைச்சுவைக் கட்டுரையாளருக்கு. வண்டை விவரித்து எழுதிய நாட்களில் அவருடைய ஒலிப்புத்தகங்களைத்தான் இவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். கட்டுரை எழுதுகிற ஒரு ஆளின் பெயர் ஒரு வண்டுக்கு! அன்று எங்கட அறையில் அதைப் பெரிய வெற்றியாகவே கொண்டாடினோம்.

பிடித்த நாளுக்கும் பெயர் வந்த நாளுக்கும் இடையில் ஏறக்குறைய 181 வருசம். இந்த இடைவெளியைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பக் கதைத்தோம். வண்டைக் கண்டது டார்வின். ஆனால் விஞ்ஞானத்தின் கணக்கில் 2014 வரைக்கும் அப்படி ஒரு வண்டு இல்லை. காணுதல் கணக்கில் சேராது, எழுதினால்தான் சேரும்.

எழுதுவதற்கும் விதிகள் உண்டு. விலங்குகளின் பெயர் லினேயஸ் 1758இல் போட்ட பதிப்பில் இருந்துதான் எண்ணப்படும். புது இனத்துக்கு ஒரே ஒரு உடலைத் தெரிந்து அதைப் பெயரின் சொந்தக்காரன் ஆக்க வேண்டும். அதற்கு ஹோலோடைப் என்று பெயர். பின்னால் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த உடலிடம்தான் போய்க் கேட்க வேண்டும், அது எந்த நாட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும். பிறகு அளவு, நிறம், தலையில் உள்ள குழிகள், மயிர்கள், தாடைகள். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இனங்களைப் பிரிக்க ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து வரைகிறார்கள். (அந்தப் பகுதியை எவ்வளவு பக்குவத்தோடு வாசித்தோம் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.) எல்லாவற்றிலும் முக்கியம், பக்கத்து இனங்களில் இருந்து இது எதில் வேறுபடுகிறது என்று சொல்லும் பகுதி. 'அழகானது', 'விசித்திரமானது' எல்லாம் அங்கே செல்லாது. வினைச்சொல்லே இல்லாத வசனங்கள். ரியூட்டோரியலில் இப்படி எழுதிக் கொடுத்தால் எங்கட விரிவுரையாளர் திருப்பித் தந்துவிடுவார்.

தமிழில் இதை எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்கப் போய் இன்னொரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். எங்கட பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் பாகுபாட்டுக்கு என்ன சொற்கள்? வருணம், குடும்பம், சாதி, இனம். ஓ.எல். வரைக்கும் பாடமாக்கி எழுதியிருக்கிறோம், ஒருநாளும் உறைத்ததில்லை. "பூச்சிக்கும் விடமாட்டியளா?" என்றான் மட்டக்களப்பான். நல்லவேளை, வண்டின் சாதியை ஆராய்ச்சி மாற்றிக்கொண்டே இருக்கிறது. புது ஆதாரம் வந்தால் ஒரு இனத்தைத் தூக்கி வேறு சாதியில் போட்டுவிடுவார்கள், யாரும் அடிபடுவதில்லை.

இலங்கையின் ரோவ் வண்டுகளுக்கு யார் பெயர் வைத்தது என்றும் தேடினோம். 1859இலேயே பெர்லினில் குஸ்தாவ் க்ராட்ஸ் என்பவர், கிழக்கிந்தியாவின், குறிப்பாக இலங்கைத் தீவின் ஸ்டஃபிலினிடே பற்றி ஜேர்மன் மொழியில் ஒரு பெரிய நூல் எழுதியிருக்கிறார். அவருக்கு இங்கிருந்து பூச்சிகள் சேர்த்துக் கொடுத்தவர் ஜோன் நீட்னர், மலைநாட்டில் கோப்பித் தோட்டம் செய்த ஜேர்மன்காரர். பிறகு 1930 தொடக்கம் 1939 வரை மல்கம் கமரன் என்ற பிரித்தானியக் கடற்படை வைத்தியர், பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள் என்ற வரிசையில் இலங்கையையும் பர்மாவையும் சேர்த்து இந்தக் குடும்பத்துக்கென்றே தொகுதி தொகுதியாக எழுதினார். எங்கட காலடியில் ஊர்வதை அறிய வேண்டும் என்றால் ஜேர்மனும் ஆங்கிலமும் வேண்டும்.

கோப்பித் தோட்டம் என்றதும் ஹற்றன்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தொரையா காட்டுக்குள்ள போயி கட்டையப் பொரட்டிப் பாத்திருப்பாரு? எங்க ஆளுங்கதான் புடிச்சுக் குடுத்திருப்பாங்க" என்றான். பிறகு மன்னார்க்காரனைப் பார்த்து, "ஒங்க ஊரு வழியாத்தான் நடந்து வந்தாங்க, தெரியுமா?" அது உண்மை. தென்னிந்தியாவில் இருந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள்தான் கோப்பிக் காலத்துத் தொழிலாளர்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் வண்டு பிடித்த கை யாருடையது என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததை எழுதக்கூடாது என்றோம். "அப்ப எதுக்குத்தான் ஆதாரம் இருக்கு எங்ககிட்ட?" என்று கேட்டுவிட்டு அவன் குளிக்கப் போய்விட்டான். அந்தக் கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவனும் பிறகு கேட்கவில்லை.

பாஹியா பிளாங்காவிலும் இதே இடைவெளிதான். டார்வின் போன காலத்தில் அது பழங்குடிகளோடு போர் நடந்த எல்லையில் நின்ற ஒரு கோட்டை. பாம்பாஸ் புல்வெளியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அந்தப் பச்சை நீல வண்டைக் கண்டிருக்க மாட்டார்களா? விவரிப்பில் பிடித்தவர் பெயருக்கு இடம் உண்டு. ஊரார் கூப்பிட்ட பெயரைக் கேட்கும் கட்டாயம் விதிகளில் எங்கும் இல்லை. இப்போது அந்த நிலத்தில் பெரும்பகுதி விவசாயக் காணி. செடாரிசி என்று உலகத்தில் உறுதியாய்த் தெரிந்தவை இரண்டே இரண்டு உடல்கள்: டார்வினுடையது ஒன்று, ரியோ குவார்ட்டோவில் 1935க்கு முன் பிடித்து பெர்லின் அருங்காட்சியகத்தில் இருப்பது மற்றது. பெயர் கிடைத்தபோது வண்டு உயிரோடு இருந்ததா என்பதே சந்தேகம்.

பரீட்சை முடிந்த இரவு மழை விட்டிருந்தது. ஜன்னலைத் திறந்து, மேசை லைற்றைப் போட்டு, கழுவிய ஜாம் போத்தலோடு காத்திருந்தோம். பதினொரு மணிபோல ஒன்று வந்தது. கடதாசித் துண்டில் ஏற்றிப் போத்தலுக்குள் விட்டோம். போன் கமராவைப் பெரிதாக்கிப் பார்த்தபடி ஒவ்வொருவராய்ச் சொல்ல, ஹற்றன்காரன் கொப்பியில் எழுதினான். கையெழுத்து அவனுடையதுதான் நல்லது.

'நீளம் ஒரு நெல்மணியளவு. தலை கறுப்பு, தட்டை. கழுத்து செம்மஞ்சள், உருண்டை, மினுக்கம். முன் இறக்கை குட்டை, கருநீலம், முழுக்கப் புள்ளிக்குழிகள். வயிறு செம்மஞ்சள், கடைசி வளையங்கள் கறுப்பு, நடக்கும்போது நுனி தூக்கியபடி.' பேடிரஸ் என்ற சாதி என்பது மட்டும் உறுதி. அதற்குள் எந்த இனம் என்று சொல்லப் பக்கத்து இனங்களோடு ஒப்பிட வேண்டும், நுணுக்குக்காட்டி வேண்டும், உடலைப் பிரிக்க வேண்டும். ஆகவே 'வேறுபாடு' என்ற தலைப்பை எழுதி அதன் கீழே நாலு கோடு வெறுமையாய் விட்டோம்.

தமிழ்ப் பெயருக்கு மன்னார்க்காரன் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னான், தழும்பு இருக்கிறது, உரிமை இருக்கிறது என்று. மூன்று பேரும் எதிர்த்து வாக்களித்தோம். 'சூட்டுக்கோடன்' என்று மட்டக்களப்பான் சொன்னது இப்போதைக்குக் கொப்பியில் பென்சிலால் இருக்கிறது. அன்ரிக்குப் பிடிக்கவில்லை.

பிடித்த இடம், திகதி, பிடித்தவர் என்ற இடத்தில்தான் கொஞ்சம் இழுபட்டது. போத்தலைப் பிடித்தது ஒருவன், கடதாசி பிடித்தது ஒருவன், லைற் அன்ரியுடையது. கடைசியில் ஹற்றன்காரன் ஒருவரையும் கேட்காமல் நாலு பேரின் முழுப்பெயரையும், ஊரையும், அதற்குக் கீழே அன்ரியின் பெயரையும் எழுதினான். பிறகு போத்தலை எடுத்துக்கொண்டு பின் மதிலடிக்குப் போய் வயல் பக்கமாய்க் கவிழ்த்தோம். அது உடனே பறக்கவில்லை. மதிலின் மேல் கொஞ்ச நேரம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நின்றது.