பெயரில் மறைந்த கூலி

கட்டட வேலை நடக்கும் இடங்களில் 'சித்தாள்' என்றொரு சொல் வழங்குகிறது. சிற்றாள் என்பதே மருவிச் சித்தாள் ஆயிற்று. செங்கல் சுமப்பவள், மணல் சலிப்பவள், கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிச் சாரத்தின் மீது கொண்டு சேர்ப்பவள் சித்தாள். அதே இடத்தில் அதே சட்டியைச் சுமக்கும் ஆண்மகனோ 'பெரியாள்'. பெரியாளாய் வந்த இளைஞன் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொத்தனார் ஆகிறான். சில ஆண்டுகளில் மேஸ்திரியும் ஆகிவிடுகிறான். அவனோடு வேலைக்கு வந்த பெண்ணோ, பேரப்பிள்ளைகளைக் கண்ட பின்னரும் சித்தாளாகவே இருக்கின்றாள். கூலியில் உள்ள ஏற்றத்தாழ்வு எங்கே பிறக்கிறது என்று ஆராய்வோர் இப்பெயரிலிருந்தே தொடங்கலாம் என்பது நமது எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஊரில் ஒரு தொழிற்சாலை தன் கட்டடத்தை விரிவுபடுத்திற்று. அங்கே கூலி வேலைக்குச் சென்ற பெண்கள் மாலை வேளைகளில் நம்மிடம் வந்து மனு எழுதித் தருமாறு கேட்பதுண்டு. குடும்ப அட்டைக்கு ஒரு மனு, முதியோர் உதவித்தொகைக்கு ஒரு மனு என எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறோம். கூலியைப் பற்றி மனு எழுதச் சொன்னவள் ஒருத்தியும் இல்லை. "பெரியாளைவிட உங்களுக்குக் குறைவாகத் தருகிறார்களே, கேட்கக் கூடாதா?" என்று நாம் வினவியபோது, "நாங்க சித்தாள்தானே, சாமி!" என்றாள் ஒருத்தி. அந்த மறுமொழி நம்மை வெகுநாள் உறங்கவிடவில்லை. நாமே சென்று விசாரித்தோம். மேஸ்திரி ஒப்பந்தக்காரரைக் காட்டினார். ஒப்பந்தக்காரர், நிறுவனம் கொடுக்கும் தொகை இவ்வளவுதான் என்றார். நிறுவனத்தாரோ, "இவர்கள் எங்கள் ஆட்கள் அல்லர்" என்று முடித்துவிட்டனர்.

சட்டம் இல்லாமலில்லை. ஆண், பெண் இருபாலார்க்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நமது அரசியலமைப்பின் 39-ஆம் பிரிவு காட்டும் நெறி. 1976-இல் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அக்கோட்பாடு இடம்பெற்றது. ஆயினும் சட்டத்துக்கும் அந்தப் பெண்ணின் கைக்கும் இடையே எத்தனை கைகள்!

1982-இல் டில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அரங்குகளும் மேம்பாலங்களும் எழுந்தன. ஒப்பந்தக்காரர்கள் ஜமேதார்கள் வழியாக ஆள் திரட்டினர். நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கூலி ரூ. 9.25. அதில் ஒரு ரூபாயை ஜமேதார் பிடித்துக்கொள்கிறார் என்றும், பெண்களுக்கு ரூ. 7 மட்டுமே கிடைக்கிறது என்றும் ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்கு முறையிட்டது. கணக்கிட்டுப் பாருங்கள்: நாளுக்கு ரூ. 2.25 வீதம் 26 நாளைக்கு ரூ. 58.50. அவள் பெற்ற கூலியில் எட்டு நாள் கூலிக்கும் மேலான தொகை இடைவழியில் மறைந்தது! வேலையாட்களை அமர்த்தியவர் ஒப்பந்தக்காரரே என்று கூறி அரசு கைகட்டி நிற்கலாகாது. சட்டம் நிறைவேறுவதை அதுவே உறுதிசெய்ய வேண்டும் என்று அவ்வாண்டு செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிரந்தர வேலையிலும் பெயர் இதே மாயத்தைச் செய்ததுண்டு. பம்பாயில் மெக்கின்னன் மெக்கென்ஸி என்னும் நிறுவனம் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியம் அளித்து வந்தது. அதிகாரிகளின் அந்தரங்கப் பணிக்கென அமர்த்தப்பட்ட தனிப்பிரிவினர் இவர்கள் என்பது அது கூறிய காரணம். 1987-இல் உச்ச நீதிமன்றம் பெயரை விடுத்து வேலையைப் பார்த்தது. வேலை ஒன்றே எனக் கண்டது. நிறுவனத்துக்குப் பணவசதி இல்லை என்பதும் சாக்காகாது என்றது.

"ஆணின் உழைப்புக் கடினமானதன்றோ?" என்பாருண்டு. கொத்தனாரின் கைத்திறனுக்குக் கூடுதல் கூலி கொடுப்பதை யாரும் குறைகூறார். ஆனால் ஒரே சட்டியை ஒரே படியில் இருவர் சுமந்தேறும்போது கூலி இரண்டாவது ஏன்? கைத்திறனே காரணமெனில், முப்பது ஆண்டு கலவை கொடுத்தவள் கையில் ஒருநாளேனும் கரண்டியைக் கொடுத்துப் பார்த்ததுண்டா?

வீடு கட்டும் குடும்பத்தாரே, சதுர அடிக்கு என்ன விலை என்று ஒப்பந்தக்காரரிடம் பேசும் அன்றே, சித்தாளுக்கு என்ன கூலி, பெரியாளுக்கு என்ன கூலி என்றும் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை கூலி கொடுக்கும் நேரத்தில் அங்கே நில்லுங்கள். "எவ்வளவு வந்தது, அம்மா?" என்று அவளையே கேளுங்கள். நீதிமன்றம் எட்டாத இடத்தில் உங்கள் கேள்வி எட்டும்.