சுருட்டி வைத்தால் ஒரு சாண் இடம்

சென்னையில் நான் குடியிருப்பது பத்துக்குப் பன்னிரண்டடி அறை. அதில் பாதியைக் கட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. பகலில் யாரும் படுக்காத கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்து எனக்கு அலுத்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டுப் பாய் வாங்குவதென்று முடிவு செய்தேன். பாயென்றால் பத்தமடைதான். நெல்லையில் பாபநாசம் பேருந்து ஏறி, சேரன்மகாதேவிக்கு முன்னால் வரும் அந்த ஊரில் இறங்கினேன்.

பாய் நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். வீடுதான் பட்டறை. நான் போன வீட்டின் முன்னறை முழுக்கத் தறி. தரையோடு தரையாக, இரண்டு மூங்கில்களுக்கு நடுவே பாவு இழுத்துக் கட்டியிருந்தது. மாமியாரும் மருமகளும் வேலையில் இருந்தார்கள். "வாம்மா, சுவரோரமா வா, நூலை மிதிச்சிராத" என்றார் பெரியவர்.

ஒருவர் அச்சைப் பிடித்திருக்கிறார். நூல்கள் இரண்டாகப் பிரியும் நொடியில், மற்றவர் நீளமான குச்சியின் நுனியில் ஒரு கோரையை மாட்டி ஊடே தள்ளுகிறார். குச்சி வெறுங்கையோடு திரும்பும். கோரை உள்ளே தங்கும். அச்சு வந்து அதை நெருக்கி அடிக்கும். ஒரு கோரைக்கு ஓரடி. இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனாலும் குச்சி ஒருமுறைகூட அச்சில் இடிக்கவில்லை.

தறிக்கு வருமுன்பே கோரை பாதி உழைப்பைத் தின்றுவிடுகிறது. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்வதைப் பச்சையாக அறுத்து, வகிர்ந்து காயவைக்க வேண்டும். உயர்ந்த ரகத்துக்கு, தாமிரபரணியின் ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உப்பியதை மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லிசாக வகிர வேண்டும். மருமகள் ஒரு இழையை என் உள்ளங்கையில் வைத்தார். தலைமயிரைவிடக் கொஞ்சம்தான் தடிமன். இப்படி, நெசவு நெருக்கத்தில் நூறு கவுண்டுக்கு மேல் போகிற பட்டுப்பாயைத் துணிபோல மடிக்கலாம். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

"சாதாப் பாய் சட்டுனு முடிஞ்சிரும். பட்டுப்பாய்னா நாளு இழுக்கும், கண்ணும் போவும்" என்றார் பெரியவர். மணமக்கள் பெயர் வைத்து நெய்யும் கல்யாணப் பாய்க்குத்தான் இப்போது கேட்பு இருக்கிறதாம். அன்றாடம் படுக்கிற பாயின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துவிட்டது. வியர்வையை உறிஞ்சாமல் முதுகில் ஒட்டிக்கொள்ளும் அதை எப்படித்தான் பாய் என்கிறார்களோ!

சிறிய வீட்டை அழகாக்கச் சொல்லித்தரும் எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறேன். சுவரில் மடங்கும் மேசை, அடியில் இழுப்பறை வைத்த கட்டில் என்று எல்லாமே இன்னொரு பொருளை உள்ளே கொண்டுவரச் சொல்பவை. பாய் இரவில் படுக்கையறை, விடிந்ததும் மூலையில் ஒரு சாண். விருந்தாளி வந்தால் கூடம். அதை நெய்கிற இவர்கள் வீட்டில்தான் முன்னறையே இல்லை. பிள்ளைகள் சுவரோரமாக ஒதுங்கித்தான் உள்ளே போய்வருகிறார்கள். விலை சொன்னபோது எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை.

மூன்றுக்கு ஆறு, ஓரத்தில் கருஞ்சிவப்புக் கரை. பெரியவர் பாயைத் தரையில் விரித்து, ஒரு பிசிறைக் கத்தியால் சீவி எடுத்தார்.

"எங்க வைப்ப?"

"கதவுக்குப் பின்னால, நிறுத்தி வைப்பேன் அக்கா."

"ஈரம் பட்டா வெயில்ல போடு. இது பட்டுப்பாய் இல்ல, மடிச்சிராத, கோரை ஒடிஞ்சிரும். இப்படிச் சுருட்டணும், பாரு."

முழங்காலால் அமுக்கி அமுக்கி அவர் சுருட்ட, அடியிலிருந்த சிமெண்டுத் தரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.