பாப்பா கண்ணாலதான் பேசுவா

நேத்து ராத்திரி சாப்பிடும்போது பெரியவன் திடீர்னு கேட்டான்.
"அம்மா, சின்னதுல நான் பாப்பாவைத் தள்ளிவிட்டேன்ல... அதனாலதான் அவ பேச மாட்டேங்கிறாளா?"

எடுத்த சோறு கையிலயே நின்னுபோச்சு.
எட்டு வயசு. இதை எத்தனை நாளா மனசுல சுமந்துட்டிருந்தானோ.

பாப்பாவுக்கு ரெட் சிண்ட்ரோம். சுமார் 10,000 பெண் குழந்தைகள்ல ஒருத்திக்கு வர்றது.
ஒன்றரை வயசு வரைக்கும் 'அம்மா', 'அண்ணா'ன்னு சொன்னவ. அப்புறம் வார்த்தை ஒவ்வொண்ணா போச்சு. இப்போ நாள் முழுக்க ரெண்டு கையையும் பிசைஞ்சுகிட்டே இருப்பா.

டாக்டர் எங்களுக்குச் சொன்னதை அவனுக்கு நாங்க சொல்லவே இல்லை. சின்னப் பையன்தானேன்னு விட்டுட்டோம்.

பக்கத்துல உட்கார வச்சு சொன்னேன்.
"உடம்பு எப்படி வேலை செய்யணும்னு உள்ளே எழுதியிருக்கும். அதுதான் ஜீன். பாப்பாவுக்கு எம்இசிபி2ங்கிற ஜீன்ல எழுத்து மாறிப்போச்சு, பிறக்கிறதுக்கு முன்னாடியே. நீ தள்ளினதால இல்ல. யார் செஞ்ச தப்பும் இல்ல. உனக்கு ஒட்டிக்கவும் செய்யாது."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான்.
"நான் பேசுறது அவளுக்குப் புரியுமா?"
"அவ கண்ணைப் பாருடா."

ஒரு கையில பந்து, ஒரு கையில பொம்மை. "எது வேணும் பாப்பா?"
அவ பந்தையே பார்த்தா.
அவன் முகத்துல வந்த சிரிப்பு இருக்கே!

உங்க வீட்டுல இப்படி ஒரு குழந்தை இருந்தா, கூடப் பிறந்ததுகிட்டயும் உட்கார்ந்து பேசுங்க.
கேட்கலைங்கிறதால அதுக்குக் கேள்வியே இல்லைன்னு நினைச்சுடாதீங்க.