மூடியும் மூடாக் கதவு

நாடோறும் கையாளும் பொருள்களை நாம் உற்று நோக்குவதில்லை. அவை பழுதுற்ற பின்னரே அவற்றின் அருமை நமக்குப் புலனாகின்றது. இவ்வுண்மையைச் சென்ற கோடை விடுமுறையில் திருவரங்குளத்திலுள்ள எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டி எனக்கு நன்கு உணர்த்திற்று.

இரவு காய்ச்சிப் பெட்டியில் வைத்த பால், மூன்று நாள் தொடர்ந்து காலையில் திரிந்து கிடந்தது. யான் சிறிதும் ஆராயாது பால்காரரைக் கடிந்தேன். அவர், “தம்பி, பாலில் குற்றமில்லை, உங்கள் பிரிட்ஜைப் பாருங்கள்” என்று மட்டும் கூறிச் சென்றார். அப்பொழுதுதான் என் நெஞ்சு திடுக்கிட்டது. என் அப்பாயி நீரிழிவு உடையவர். அவருக்குரிய இன்சுலினும் அப்பெட்டியிலேயே இருந்தது. திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையுள்ள குளிர்ச்சியில் வைத்தல் வேண்டும். கெட்ட பால் திரிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். வலியிழந்த இன்சுலினோ பெரும்பாலும் முன்போலவே தெளிந்து தோன்றும்! மருத்துவரைக் கேட்டு, இருந்த மருந்தை நீக்கிப் புதிது வாங்கினோம். புதிய பெட்டியும் வாங்கவேண்டுமோ என்று தந்தையார் கவலையுற்றார்.

வாங்குமுன் நோயின் முதலை நாட முற்பட்டேன். பெட்டியின் மோட்டார் ஓய்வின்றி ஓடிற்று. கதவோரத்தில் நீர் முத்துமுத்தாய் அரும்பியிருந்தது. உறைபெட்டியில் பனி தடித்துக் கிடந்தது. புறத்து ஈரக்காற்று எங்கோ உட்புகுகின்றது என்பதற்கு இவையே சான்று. ஒரு தாளைக் கதவிடையே வைத்து மூடி மெல்ல இழுத்தேன். ஒரு சாணுக்கு ஓரிடமாகச் சுற்றிலும் இங்ஙனம் சோதித்தேன். மேற்புறத்தில் தாள் இறுகப் பற்றியது. கைப்பிடியின் கீழ் மூலையிலோ வழுக்கிக்கொண்டு வந்தது. இரவில் விளக்கணைத்து, எரியும் கைவிளக்கொன்றை உள்ளே வைத்து மூடியபொழுது, அம்மூலையில் நூலிழை போன்ற ஒளி கசிந்தது. குற்றவாளி கதவு ரப்பரே!

இந்த ரப்பரினுள்ளே காந்தத் தூள் கலந்த நெகிழ்பட்டை ஒன்று உண்டு. அதுவே கதவை இழுத்துப் பிடிக்கின்றது. முற்காலத்துப் பெட்டிகளுக்கு வெளித் தாழ்ப்பாள் இருந்தது. விளையாட்டாய் உட்புகுந்த குழந்தைகள் வெளிவர இயலாது மூச்சடைத்து மாண்டனர். ஆதலின், உள்ளிருந்தும் திறக்கத்தக்க கதவு வேண்டுமென 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. காந்தக் கதவு எங்கும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்னிணைப்பை நீக்கிவிட்டு வேலையைத் தொடங்கினேன். கதவு சற்றே தாழ்ந்திருந்தமையால் கீல் திருகுகளை முதலில் இறுக்கினேன். வெதுவெதுப்பான சவர்க்கார நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு மடிப்புகளிலிருந்த அழுக்கைக் களைந்தேன். சுருங்கிய இடங்களில் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி நீவினேன். ரப்பர் நெகிழ்ந்து நேராயிற்று. ஆயினும், கீழ் மூலை கிழிந்திருந்தது. கிழிந்ததற்கு நீவுதல் மருந்தன்று. பெட்டியினுள் ஒட்டியிருந்த சீட்டிலுள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அளவும் எடுத்துப் புதுக்கோட்டையிற் புதிய ரப்பர் வாங்கினேன். அதை வெந்நீரில் இட்டு மடிப்பு நீக்கி, நான்கு மூலைகளையும் முதலிற் பொருத்திப் பின்னர் இடைப்பகுதிகளைப் பள்ளத்தினுள் அழுத்தினேன். இப்பொழுது தாள் எப்புறமும் இறுகப் பற்றியது. ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு இரவு முழுதும் உள்ளே வைத்தேன்; காலையில் அது 5 பாகை காட்டிற்று. இடையிடையே மோட்டாரும் ஓய்ந்தது.

மறுநாள் பால்காரரிடம் என் பிழையைப் பொறுக்குமாறு வேண்டினேன். அவர் நகைத்து, “பெட்டி சரியானால் போதும், தம்பி” என்றார். தாள் ஒன்றைச் செருகிப் பார்க்க ஒரு நிமிடமே போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமலன்றோ குற்றமற்ற ஒருவரைக் கடிந்தேன்! நண்பர்காள், நும் இல்லத்தில் மருந்து குளிர்ப்பெட்டியில் இருப்பின், கதவு மூடியிருப்பதைக் கண்டு அமையாது, இன்றே ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்ப்பீராக.