வாவிக்கரையில் நான்கு தோழிகள்

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகச் சமூகவியல் படித்த நாங்கள் நால்வர், சென்ற ஆடி மாதம் மீன்பிடிக்கப் போனோம். "பொம்புளயள் தூண்டில் போடப் போறீங்களோ?" என்று வீட்டில் சிரித்தார்கள். சிரித்தவர்களே தேத்தண்ணியும் ரொட்டியும் கட்டித் தந்தார்கள்.

நாங்கள் தெரிந்தெடுத்த இடம் மண்முனைப் பாலத்தடி. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் கடற்பக்கம் எழுவான்கரை, வயற்பக்கம் படுவான்கரை. யுத்த காலத்தில் இந்த நீரே இரு பகுதிகளுக்கும் எல்லையாக இருந்தது. 2014இல் பாலம் திறக்கப்படும் வரை மண்முனையில் 'பாதை'யில் ஏறித்தான் சனங்கள் அக்கரை போனார்கள்.

எங்களில் ஒருத்தி கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவள். 2006இல் வலை வீசப் போன அவளது அப்பா திரும்பி வரவில்லை. தோணி மட்டுமே கிடைத்தது. அதன்பின் அவள் வாவியில் கால் வைத்ததில்லை. "நான் கரையில இருக்கன், நீங்க பிடியுங்க" என்றுதான் வந்தாள்.

நோர்வேயில் வாழும் தோழி நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய தூண்டிலொன்றைக் கொண்டு வந்திருந்தாள். 'ஃபிளை பிஷிங்' என்பார்களாம். புழு, இறால் எதுவும் வேண்டாம். கொளுவியில் இறகைக் கட்டிப் பூச்சிபோலச் செய்வார்கள். முதல்நாளிரவு சேவல் இறகும் தையல் நூலும் வைத்து நாங்களும் கட்டினோம். இறகுக்குப் பாரமில்லை. தடித்த நூலின் பாரம்தான் அதைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. கையைப் பின்னுக்கெடுத்து, நூல் முழுதாக நீளும்வரை பொறுத்து, முன்னுக்கு வீச வேண்டும். அவசரப்பட்டால் சிக்கிவிடும். என் முதல் ஐந்து வீச்சும் கண்டல் மரத்துக்கே போயின.

குளிர்ந்த ஆறுகளில் அவள் பெரும்பாலும் ட்ரவுட் என்ற ஒரு மீனை நம்பித்தான் நிற்பாளாம். வெப்பமான எங்கள் வாவியிலோ எது வருமென்று சொல்ல முடியாது. கச்சான் காற்று எழும்புமுன் திலாப்பியா இரண்டும் சிறு பாரையொன்றும் வந்தன. கொடுவா ஒன்று நூலை அறுத்துக்கொண்டு போனது. மற்றத் தோழி சாதாரணத் தூண்டிலில் இறால் குத்திப் போட்டுக் கெளிறு பிடித்தாள். கழற்றும்போது முள் குத்திவிட்டது. தோணியில் வந்த முதியவர், "சுடுதண்ணியில கைய வையுங்க மனே, கடுப்புக் குறையும்" என்றார். போத்தல் சுடுநீரைப் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, விரலை அதில் வைத்தோம். கடுப்பும் மெல்லக் குறைந்தது.

பத்து மணியிருக்கும். கரையிலிருந்தவள் எழுந்து வந்தாள். "தா கா, ஒருக்கா வீசிப் பாப்பம்." முழங்காலளவு நீரில் இறங்கி நின்றாள். நாங்கள் பேசவில்லை. "அப்பா இந்த நேரத்திலதான் கரைக்கு வருவார்" என்று மட்டும் சொன்னாள். நாலாவது வீச்சில் கையளவு பாரையொன்று பிடிபட்டது. அழுதாளா, சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. மீனை அவளே கழற்றினாள்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோனோம். அப்பா போன நாளிலிருந்து அந்த வீட்டில் ஆற்று மீன் சமைப்பதில்லை. அம்மா மீனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு புளி கரைத்தார். எங்களுக்குச் சோறும் புளியாணமும் பரிமாறினார். தான் சாப்பிடவில்லை. ஆனால் சமைத்தார்.

சகோதரிகளே, எங்களில் பலருக்கும் போக முடியாத ஓர் இடம் இருக்கிறது. அது ஒரு கரையாக, ஒரு வளவாக, ஒரு சந்தியாக இருக்கலாம். அங்கே போய்த்தான் ஆகவேண்டுமென்று எவரையும் வற்புறுத்தக் கூடாது என்பதை என் வேலையில் கற்றிருக்கிறேன். ஆனால் போக மனம் வரும் நாளில் தனியே போகாதீர்கள். அருகில் இருக்க, பேசாமல் நிற்கத் தெரிந்த தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த ஆடிக்கும் போவதாக இருக்கிறோம். இறகு சேர்த்து வைப்பது தன் பொறுப்பு என்று அவளே சொல்லியிருக்கிறாள்.